அடைக்காத துளைகள்

அக்டோபர் 9, வியாழன்

காலையில் தூறல், பிறகு புழுக்கம். விழுப்புரத்தில் பாசஞ்சர் ரயிலைத் தவறவிட்டு பஸ்ஸில் திண்டிவனம். உட்கார இடமில்லை. பக்கத்தில் நின்றவன் வழி முழுக்கப் போனில் மல்லாட்டை மூட்டை விலை பேசிக்கொண்டு வந்தான்.

பட்டறையில் வேலை இல்லை. அலமாரியில் மிச்சமிருக்கும் பெட்டிகளைச் சோதித்தேன். பட்டறை முதலாளி த. கேட்கவில்லை. தண்டபாணிக்குச் சோதனை என்றால் பொத்தானை அழுத்துவது, விளக்கு எரிகிறதா பார்ப்பது, அவ்வளவுதான்.

ஒரு பெட்டியை மூடி, மொட்டை மாடியில் வெயிலில் வைத்து, சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுக் கீழே வந்தேன். படகில் எப்படிக் கிடக்குமோ அப்படி. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ரிசீவரில் ஒன்றுமில்லை. மேலே போனேன். பச்சை விளக்கு எரிகிறது, உள்ளே சிப் தொட முடியாத சூடு. ஆறவிட்டதும் மறுபடி பேசியது. மறுபடி செத்தது.

இன்னொரு பெட்டி. அதே கதை.

மூன்றாவதைச் சோதிக்க மனம் வரவில்லை. சோதித்தேன். அதேதான்.

இதே பெட்டி மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் ஆறு ஃபைபர் படகில் இருக்கிறது. ஆடித் திருவிழாவன்று த. தன் கையால் மாட்டியது. கடலில் எஞ்சின் நின்று போனாலோ ஆளுக்கு அடிபட்டாலோ பொத்தானை அழுத்தினால் படகு இருக்கும் இடம் கரையில் கம்பத்து ரிசீவருக்கு வந்து சேரும். வந்து சேர வேண்டும்.

மதியம் சாப்பிடவில்லை.


அக்டோபர் 10, வெள்ளி

சூடு காட்டி சிப்பைக் கழற்றினேன். நினைத்தது சரி. அடியில் இருக்கும் பெரிய பேட் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. ஈயமே இல்லை.

படகுக்காரர்களுக்கு எப்படிச் சொல்வது என்று எழுதிப் பார்க்கிறேன்:

பெட்டிக்குள் பேசுகிற சிப் ஒன்று இருக்கிறது. பேசும்போது சூடாகும். அந்தச் சூடு வெளியே போக, சிப்பின் வயிற்றுக்கு அடியில் செம்பில் ஒரு சதுரம். அதுதான் பேட். பேடில் நுண்ணிய துளைகள். வயா என்போம். துளை வழியாகச் சூடு இறங்கி, போர்டு முழுக்க விரித்திருக்கும் செம்புத் தகட்டுக்கு, அதாவது கிரவுண்ட் பிளேனுக்குப் போய்ப் பரவி ஆறிவிடும். ஆனால் பேடிலேயே துளை போட்டால் அந்தத் துளையை அடைத்து, மேலே செம்பு மூடித் தர வேண்டும். அடைக்காமல் விட்டால் அடுப்பில் ஈயம் உருகும்போது துளை வழியாகப் பின்பக்கம் ஒழுகிவிடும். வயிறு ஒட்டாது. சூடு போக வழியில்லை. கொஞ்ச நேரம் பேசும், பிறகு ஊமை.

இதில் எந்த வரி ஒரு படகுக்காரனைப் படகிலிருந்து பெட்டியைக் கழற்ற வைக்கும்? எதுவும் இல்லை.

வயாவை பேடுக்கு வெளியே போட்டிருக்கலாம் என்று எவனாவது சொல்வான். இடம் எங்கே? பெட்டியை உள்ளங்கை அளவுக்குச் சின்னதாக்கச் சொன்னது த. அதனால்தான் அடைத்துத் தரவேண்டும் என்று போர்டு செய்கிற கம்பெனிக்குக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

ஈயம் ஒட்டும் கலாவைக் கேட்டேன். பின்பக்கம் எதுவும் பார்த்தாயா?

“மணி மணியா ஈயம் வந்துக்கினு இருந்துச்சி சார். பெட்டி மூட மாட்டன்னுது. அண்ணன்தான் தொடச்சிடுன்னாரு. எல்லாத்தையும் தொடச்சி சுத்தமா வெச்சேன்.”

சுத்தமாகத்தான் வைத்திருக்கிறாள். அவளை என்ன சொல்ல.

த. மறைக்கவே இல்லை. அதுதான் எரிச்சல்.

“அடைச்சிக் குடுக்க இன்னும் மூணு வாரம் ஆவும்னான் சார் போர்டு கம்பெனிக்காரன். திருவிழா போயிடும். எங்க மாமனாரு ஊரு பூரா சொல்லிட்டாரு. அப்டியே குடுன்னு நான்தான் சொன்னேன். லைட்டு எரியுது இல்ல?”

லைட்டு.


அக்டோபர் 12, ஞாயிறு

வீடு. கேஸ் வந்தது. பல்வலி. சுகந்தி விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். இரண்டு தாள் திருத்திவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“நீங்க சொல்றது சரியாத்தாங்க இருக்கும். எப்பவுமே சரியாத்தான் இருக்கும்.”

அது பெண்டாட்டி புருஷனைப் பாராட்டுவது இல்லை. பழைய கணக்கு. முன்பு வேலை பார்த்த சென்னைக் கம்பெனியில் நரேன் என்ன செய்தான்? கிரவுண்ட் பிளேனை நடுவில் கத்தி வைத்த மாதிரி வெட்டி, ஒரு சிக்னல் கோடு ஓட்டினான். வேகமான சிக்னல் திரும்பிவரப் பாதை வேண்டாமா? மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சொன்னேன். போர்டு தோற்றது. நான் சொன்னபடியே தோற்றது. நரேனுக்குப் பதவி உயர்வு. எனக்கு, “டீமோடு ஒத்துப்போகத் தெரியவில்லை.” நான் பாடம் சொல்லிக் கொடுத்த பயல். விழுப்புரத்துக்குத் திரும்பி வந்த வருஷம் புத்தாண்டு வாழ்த்து அனுப்பினான். பதில் போடவில்லை. இன்னும் போடவில்லை.

சுகந்தியிடம் இதையெல்லாம் மறுபடி சொல்லியிருக்கிறேன் போல. எழுந்து போய்விட்டாள். சமையலறையிலிருந்து, “அந்த ஆறு பேரைப் பத்தித்தானே பேச்சு ஆரம்பிச்சீங்க?” என்றாள்.

ஆமாம். அவர்களைப் பற்றித்தான்.


அக்டோபர் 13, திங்கள்

வேலுவுக்குப் போன். ஆறு படகுக்காரர்களில் கொஞ்சம் பழக்கமானவர். பெட்டியை நம்ப வேண்டாம், கழற்றி வையுங்கள் என்றேன்.

“இன்னா சார், தண்டபாணி மேல கோவமா?”

கோபம் இல்லை, பெட்டியில் கோளாறு என்றேன்.

“அவரு எங்க ஊரு மாப்ள சார். முந்தியே சொல்லிட்டாரு. சார் நல்ல படிப்பு, ஆனா எதப் பாத்தாலும் கொற சொல்வாரு, பெருசா எடுத்துக்காதீங்கன்னு.” சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. “நேத்துகூட அமுக்கிப் பாத்தோம் சார். கரையில கூவுச்சே.”

கரையில் நின்று, காலை நேரத்தில், ஒரே தடவை. கூவும். ஏன் கூவாது.

கடலில் தூரம் போனால் பத்துத் தடவை அனுப்பினால்தான் ஒன்று வந்து சேரும். அதற்குள் வாயடைத்துவிடும். ஒன்று வந்து சேர்ந்தாலும் படகு அங்கேயே நிற்குமா? நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். கரையில் இருப்பவர்கள் பழைய இடத்தில் போய்த் தேடுவார்கள்.

இதையும் சொன்னேன். “வலை இழுக்கணும் சார், அப்பறம் பேசறேன்” என்றார்.


அக்டோபர் 15, புதன்

நேரிலேயே போனேன். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் பஸ். பெருமுக்கல் மலை மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து ஷேர் ஆட்டோ. செருப்பு முழுக்க மணல்.

வேலு கடலில். அவர் மனைவி தனம் வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தார்.

“தனியாவா போயிருக்கார்?”

“தனியாத்தான். முன்னாடிலாம் முருகன் படகு கூட ஜோடி போட்டுக்கினுதான் போவாங்க சார். இவரு ரெடியாயிட்டாலும் அவன் வர்ற வரைக்கும் காத்துக்கினு இருப்பாரு. அவனும் அப்படித்தான். இப்ப எவனும் எவனுக்கும் நிக்கறதில்ல. பச்ச லைட்டு எரியுது, அப்பறம் இன்னா பயம்னு கேக்கறாரு.”

“எல்லாரும் அப்படியா?”

“பெட்டி இருக்கற ஆறு பேரும் அப்டித்தான். ரொம்ப தூரம் வேற போறாங்க. மீன் நல்லா கெடைக்குது சார். ஒங்களுக்குப் புண்ணியம்.”

அந்தக் கடைசி இரண்டு வார்த்தை. 

பெட்டி ஊமையானால் போகட்டும், பெட்டி இல்லாத நாளில் எப்படி இருந்தார்களோ அப்படி இருப்பார்கள், இதுவரை அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. பெட்டி வருவதற்கு முன்னால் ஒவ்வொருவனுக்கும் பக்கத்தில் இன்னொரு படகு இருந்தது. கூப்பிடு தூரத்தில். அதை நாங்கள் எடுத்துக்கொண்டு ஒரு பச்சை விளக்கைக் கொடுத்திருக்கிறோம்.

முருகன் படகு கரையில் இருந்தது. பெட்டியைக் கழற்றக் கை வைத்தேன். தனம் அரிவாள்மனையை விட்டு எழுந்து ஓடிவந்தார்.

“அய்ய, அத ஏன் சார் தொடறீங்க? அவன் வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?”

விட்டுவிட்டேன்.


அக்டோபர் 16, வியாழன்

விடியலில் வானம் மூட்டம், பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். வங்காள விரிகுடாவில் காற்றழுத்தம் என்கிறார்கள். கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை இன்னும் வரவில்லை. வந்தால் போகமாட்டார்கள். வராத நாளில்தான் பயம்.

த.வை மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். கண் முன்னாலேயே பெட்டி செத்தது.

“வெயில்ல வெச்சா எதுதான் சார் சாவாது?”

“கடல்ல நிழலா இருக்கு?”

 கைலியை மடித்துக் கட்டினான். அவிழ்த்தான். மறுபடி கட்டினான். ஜோடி விஷயத்தைச் சொன்னேன். அது அவனுக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் முகம் மாறியது, அதைப் பார்த்தேன். அதற்குள் நான் வாயை அடக்கியிருக்க வேண்டும். “மாமனார் முன்னால் மாலை வாங்கத்தானே அடைக்காம விட்டே” என்றேன்.

அவ்வளவுதான். முகம் மூடிக்கொண்டது.

“தீபாவளி முடியட்டும் சார். பண்டிகை நேரத்துல போயி எல்லாத்தையும் கழட்டுன்னா எங்க மாமனாரு ஊர்ல தலை நிமிர முடியாது. சும்மா பேஜாரு பண்ணாதீங்க.”

தீபாவளிக்கு முன்னால் வலை வீசாமல் இருப்பார்களா? பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டாமா? இந்த நான்கு நாளும்தான் அதிகம் போவார்கள்.

கீழே இறங்கி வந்தோம். கலா மூலையிலிருந்து இருவரையும் பார்த்துக்கொண்டு, பார்க்காத மாதிரி ஈயக்கோலைத் துடைத்தாள்.


அக்டோபர் 18, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன். 

மறுபடி குப்பம். நேராக ஊர்ப் பஞ்சாயத்தாரிடம். கோவில் பக்கத்துக் கொட்டகையில் நான்கைந்து பேர். பெரியவர் காத்தவராயன் நடுவில். கடலுக்கு யாரும் போகக்கூடாது என்றாலும், ஒரு பொருளைப் படகில் வைக்கக்கூடாது என்றாலும் அவர்கள் சொன்னால் ஊர் கேட்கும். மீறினால் அபராதம், ஊரை விட்டுத் தள்ளுதல். இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். போலீஸ், கலெக்டர் ஆபீஸ், மீன் துறை என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். படித்தவன் புத்தி.

எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். காத்தவராயன் கேட்டது ஒரே கேள்வி.

“தப்பு யாரு மேல?”

தண்டபாணி மேல் என்றேன். துளையை அடைக்காமல் விட்டது அவர்.

தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

“அப்ப அவரு வரணும் தம்பி. ஒருத்தர் மேல பிராது சொன்னா அவரு எதுருல நிக்கணும். மாப்ள வேற. மாமனாரக் கூப்புடணும், பொண்ணு கட்டின மொறைக்கி அந்தப் பக்கம் ரெண்டு பேரு வரணும். தீபாவளி கழிச்சி, வெள்ளிக்கெழம கூட்டம் போட்டுக்கலாம்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரிக்கும் இன்னா. பிராதுதான இருக்குது. தீர்ப்பு ஆவலியே.”

வேலு கொட்டகைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். படகில் டீசல் ஏற்றிவிட்டு வந்த வாசனை. நாளைக்கு விடியலில் போகிறாராம். பண்டிகைக்கு முன்னால் கடைசித் தடவை. தனியாக.

“பிராது இல்லாம, தப்புப் பண்ணவனே வந்து சொன்னா?” என்றேன்.

காத்தவராயன் என்னைப் பார்த்தார். “தப்புப் பண்ணவனே சபையில ஒத்துக்கினா அப்பறம் யாரக் கூப்புடணும்? அப்பவே முடிஞ்சிது. சபைக்கு உழுந்து எழுந்தா, ஊரு இன்னா பண்ணணுமோ பண்ணும்.”

 நரேன் முகம் ஞாபகம் வந்தது. த.வின் முகமும். நான் சரி என்பதைத் தவிர என்னிடம் வேறு என்ன இருக்கிறது? எம்.டெக். இருக்கிறது. வலிக்கிற பல் ஒன்று இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

“தண்டபாணி மேல் தப்பு இல்லை. போர்டு நான் போட்டது. துளை நான் போட்டது. தப்பு என்னுது” என்றேன்.

விழுந்தேன். மணல் சூடாக இருந்தது. மீன் செதில் ஒன்று கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. யாரோ ஒருத்தி, “அய்ய, இன்ஜினியரு” என்றாள். இன்னொருத்தன், “இவ்ளோ படிச்சி இன்னா பிரயோஜனம், ஒரு பெட்டி செய்யத் தெரில” என்றான். காத்தவராயன் அவனை அதட்டினார். “ஒத்துக்கினவன எதுவும் பேசக்கூடாது, வாய மூடுடா.”

கோவில் மைக்கில் சொன்னார்கள். பெட்டி வேலை செய்யாது, எல்லாரும் கழற்றிக் கொண்டுவந்து கொட்டகையில் வைக்க வேண்டும், முன்ன மாதிரி ஜோடி இல்லாமல் யாரும் கடலில் இறங்கக்கூடாது, மீறினால் அபராதம். ஆறு பெட்டியும் வந்தது. வேலுதான் கடைசி. என் பையில் போட்டார். “மொதல்லயே ஒங்க தப்புன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே கழட்டியிருப்பனே சார்” என்றார்.

அந்த வாக்கியத்தை பஸ் முழுக்கச் சுமந்துகொண்டு வந்தேன்.


அக்டோபர் 19, ஞாயிறு

ஆறு பெட்டியும் சாப்பாட்டு மேஜை மேல். சுகந்தி முறுக்குத் தட்டை வைக்க இடம் தேடினாள்.

வேலுவும் முருகனும் ஜோடியாகப் போய்த் திரும்பிவிட்டார்கள். தனத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். நல்ல மீன் இல்லையாம். குரலில் கொஞ்சம் கோபம்.

த. போன். “பெரிய மனசு சார் ஒங்களுக்கு. மாமனாரு சொன்னாரு. என்ன விட்டுக் குடுக்கல நீங்க.” அழுதான் என்று நினைக்கிறேன். குடித்துமிருக்கலாம்.

சுகந்தியிடம் சபையில் விழுந்ததைச் சொல்லவில்லை. சட்டையைத் துவைக்க எடுத்தவள், “எங்க போயி உருண்டீங்க?” என்றாள்.


அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. பட்டாசு எதுவும் சரியாக வெடிக்கவில்லை. மாடி வீட்டு நாய் நம் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்.


அக்டோபர் 21, செவ்வாய்

கலா போன் செய்தாள். மெதுவான குரல்.

“சார், நீங்க வரலியா? அண்ணன் காலைலயே வந்துட்டாரு. மீதி போர்டெல்லாம் எடுத்து மேல இன்னும் கொஞ்சம் ஈயம் வெச்சி ஒட்டச் சொல்றாரு. பழையபடி பின்னாடி மணி வருது சார். தொடச்சிக்கினு இருக்கேன்.”

மழையில் ஓடினேன். த. குளித்து, விபூதி வைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான். கோட்டக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பத்தில் கேட்டிருக்கிறார்களாம். நாளை சாயங்காலம் மாட்டப் போகிறான்.

துளை திறந்தே இருக்கிறது, எவ்வளவு ஈயம் வைத்தாலும் ஒழுகும் என்றேன். துளை அடைத்த புதுப் போர்டு வராமல் ஒன்றும் செய்ய முடியாது என்றேன்.

“ஒங்க தப்ப நீங்களே ஒத்துக்கினீங்களே சார். ஈயம் கம்மியா வெக்கற மாதிரி டிசைன் பண்ணிட்டீங்க. நான் அதத்தான் சரி பண்ணிக்கினு இருக்கேன்.”

நடிப்பா என்று பார்த்தேன். இல்லை. நம்பிவிட்டான். மூன்று நாளில் அவனுக்கு அது உண்மையாகிவிட்டது.

“துளைய அடைக்க வேணாம்னு சொன்னது நீ.”

“சபையில வேற மாதிரி சொன்னீங்களே சார்.” அதிர்ந்துகூடப் பேசவில்லை. “கோவப்படாதீங்க. இந்தத் தடவ ஒங்க பேரு வராது. போர்டு நான் திருத்தினதுன்னு சொல்லிட்டேன். ஒங்களுக்கு ஒரு பழியும் இல்ல.”

கலா தலையைத் தூக்கவில்லை. பின்பக்க மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

போர்டுகளைப் பிடுங்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டான். அவன் என்னைவிட இளையவன், பலசாலி. வலிக்காமல்தான் பிடித்தான். அது இன்னும் கேவலம்.

வீட்டில் சுகந்தியிடம் எல்லாம் சொன்னேன். விழுந்ததும் சேர்த்து. முறுக்கு டப்பாவை மூடி வைத்தாள். பிறகு, “நாளைக்கு அங்க போயி யார் தப்புன்னு சொல்லப் போறீங்க?” என்றாள்.


அக்டோபர் 22, புதன்

புதுச்சேரி பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. ஜன்னல் ஒழுகுகிறது.

அந்தக் குப்பத்தில் ஒருவரையும் தெரியாது. த.வின் சேதி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும்: தப்புப் பண்ணின இன்ஜினியர், விலக்கி வைத்தாயிற்று, இப்போது எல்லாம் சரி. நான் போய் பெட்டி ஊமை என்றால், பொறாமை என்பார்கள். தண்டபாணி தப்பு என்றால், ஆளைக் கூட்டி வா, கூட்டம் போடலாம் என்பார்கள். அதற்குள் மாட்டிவிடுவான். மாட்டியதும் ஜோடி போவதை நிறுத்துவார்கள்.

என் தப்பு என்று சொல்ல முடியுமா? போர்டை அவன் திருத்திவிட்டான் என்று ஊருக்கே தெரியும். என் தப்பு அதில் இல்லையாமே.

ஆனாலும் அதைத்தான் சொல்லப் போகிறேன். த. திருத்தினதையும் நான்தான் தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன் என்பேன். கேட்டால் வேண்டுமென்றே செய்தேன் என்பேன். அவன் மேல் பொறாமை, அதனால் கெடுத்தேன் என்பேன். அதை நம்புவார்கள். எனக்குத் தெரிந்தவரை வேலை செய்கிற வாக்கியம் அது ஒன்றுதான்.

அடிப்பார்களோ?

கோட்டக்குப்பம் வந்துவிட்டது. கடற்கரைக்கு எந்தப் பக்கம் என்று கண்டக்டரைக் கேட்டேன்.

“நேரா போனா கடல்தான் சார். ஜல்தி எறங்குங்க.”